தனியே கழன்று போகும் பதிவுகள்

நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயத்தை ஏன் ட்விட்டர் போன்ற தளங்களில் பத்துப் பன்னிரண்டு பதிவாகத் துண்டாக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து, த்ரெட் என்று போடுகிறீர்கள், ஒரே கட்டுரையாக எழுதி லிங்க் கொடுத்தால் ஆகாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். த்ரெட் என்றால் கட்டுரையைக் கத்தரித்துப் போடுவது என்று வைத்துக்கொண்டால் அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அப்படிக் கத்தரித்த த்ரெட்டுகளைப் படிக்க எனக்கும் பிடிக்காது. நான் பல வருடமாக த்ரெட் எழுதுகிறேன். அதைவிட அதிகமாக மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். நண்பர்கள் எழுதியதை வெளியிடும் முன் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. இதிலெல்லாம் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்றுதான்: இழையில் கோத்த ஒவ்வொரு பதிவும் என்றைக்காவது தனியே கழன்று ஊர் சுற்றப் போகும். முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வந்தது என்று எதுவுமே தெரியாத ஒருவர் கண்ணில் படும். அப்போதும் அது சரியான விஷயத்தைச் சொல்ல வேண்டும். த்ரெட் எழுதுவதில் உள்ள கஷ்டம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அதன் அழகும் இதில்தான்.

யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய வடிவம் இல்லை இது. இடம் போதாமல் பிறந்தது. 1985-இல் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், மனதில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160-க்குள் முடிந்துவிட்டன. குறுஞ்செய்திக்கு அந்த அளவே நிலைத்தது. 2006-இல் ட்விட்டர் வந்தபோது அதுவும் எஸ்எம்எஸ் வழியாக ஓட வேண்டியிருந்ததால், பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு மீதி 140-ஐ நமக்குக் கொடுத்தார்கள்.

குறுஞ்செய்தியில் ஒரு நேர்த்தி இருந்தது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் வேண்டும், ஆகவே 70-தான். அதைத் தாண்டினால் கைப்பேசியே செய்தியை உடைத்து அனுப்பும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 6 பைட்டில் மூன்று தகவல்கள் போகும்: இது எந்தச் செய்தியைச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை துண்டு, இது எத்தனையாவது. அதற்கு இடம் விட்டதால் தமிழுக்குத் துண்டுக்கு 67 குறி மிஞ்சும். துண்டுகள் முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் வாங்கும் கைப்பேசி அடுக்கி ஒரே செய்தியாகக் காட்டிவிடும். நடுவில் வெட்டு விழுந்ததே படிப்பவருக்குத் தெரியாது.

ட்விட்டரில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் ஜனங்கள் அதைக் கையாலேயே எழுத ஆரம்பித்தார்கள்: 1/, 2/, 3/. டைம்லைனில் புதியது மேலே, பழையது கீழே என்பதால் எண் போடாவிட்டால் வாசகர் முடிவைப் படித்துவிட்டுத் தொடக்கத்துக்கு இறங்கி வருவார். 2014 வாக்கில் அமெரிக்க முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் இப்படி எண் போட்டு எழுதி அந்தப் பழக்கத்தைப் பரப்பினார். தன் பதிவுக்குத் தானே பதில் போட்டுக் கோத்துக்கொண்டு போவதும் பயனர்கள் கண்டுபிடித்த வழிதான். 2017 நவம்பரில் அளவு 280 ஆனது. அடுத்த மாதமே, கூட்டல் குறியைத் தட்டிப் பதிவுகளை வரிசையாக எழுதி ஒன்றாக வெளியிடும் வசதியை ட்விட்டர் கொடுத்தது. வழக்கம் வந்து வெகுநாள் கழித்துத்தான் வசதி வந்தது.

இன்றைக்கு இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023-இல் எக்ஸ் என்று பெயர் மாறிய அதே தளத்தில், அந்த ஆண்டிலிருந்தே பணம் கட்டுபவர்கள் ஒரே பதிவில் 25,000 எழுத்து வரை எழுதலாம். இதே மாதிரியான மற்றத் தளங்களில், மஸ்டோடனில் வழக்கமான அளவு 500, அதை நடத்தும் சில சர்வர்களில் இன்னும் அதிகம். மெட்டாவின் 'த்ரெட்ஸ்' என்ற தளத்திலும் 500. ப்ளூஸ்கையில் 300. இவ்வளவுக்குப் பிறகும் த்ரெட் எழுதுவது நிற்கவில்லை. வாசகர் பக்கமிருந்து பார்த்தால் காரணம் புரிகிறது. கட்டுரைக்குக் கீழே ஒருவர் கருத்துச் சொன்னால் அது மொத்தக் கட்டுரைக்கும் சேர்த்துத்தான். த்ரெட்டில் நான்காவது பதிவில் ஒரு சந்தேகம் என்றால் அந்த நான்காவதின் கீழேயே கேட்கலாம். ஏழாவதை மட்டும் எடுத்துத் தன் நண்பர்களிடம் காட்டலாம். துறை தெரிந்த ஒருவர் வந்து ஒரு குறிப்பிட்ட பதிவின் கீழே நான் எழுதியதைவிட நல்ல விளக்கம் எழுதிவிட்டுப் போவார். ஒவ்வொரு பதிவும் பேச்சுக்கு ஒரு வாசல் திறந்து வைக்கிறது. இது கட்டுரையில் கிடைக்காது, 25,000 எழுத்துப் பதிவிலும் கிடைக்காது.

தமிழில் எழுதுபவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ் எண்ணுவது, கணினிகள் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் பொது முறையான யூனிகோடின் குறிகளை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. அதற்கோ த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' நம் கணக்கில் 13 எழுத்து, அதன் கணக்கில் 24. ப்ளூஸ்கை கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுகிறது. அங்கே 'தமிழ்' மூன்றுதான். ஆக, பார்வைக்கு 280-ம் 300-ம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், தமிழுக்கு ப்ளூஸ்கையில் கிடைக்கும் இடம் மிகவும் அதிகம். ஒரே த்ரெட்டை இரண்டு இடத்திலும் போடுகிறவர்கள் முதலில் எக்ஸ் அளவுக்கு எழுதிக்கொள்வது நல்லது. பெரிய அளவுக்கு எழுதியதைச் சின்ன அளவுக்கு இறக்கும்போதுதான் வெட்டக் கூடாத இடத்தில் வெட்டு விழுகிறது.

பதிவுகள் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்படுகின்றன என்பதையும் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது பதிவுக்குத் தெரிந்தது, தான் நான்காவதுக்குப் பதில் என்பதுதான். நான்காவதுக்கு மூன்றாவது தெரியும். ப்ளூஸ்கையில் பதிலாக வரும் ஒவ்வொரு பதிவும் இரண்டு முகவரிகளைச் சுமக்கும்: இழையின் முதல் பதிவு எது, தனக்கு நேர் முன்னால் இருப்பது எது. மஸ்டோடன் சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையிலும் பதில் தன் முன்னதைத்தான் சுட்டும். கவனித்துப் பாருங்கள், இந்தச் சுட்டுகள் பின்னோக்கியே போகின்றன. முதல் பதிவுக்குத் தனக்குப் பிறகு என்ன வந்தது என்று எதுவும் தெரியாது. குறுஞ்செய்தியின் தலையில் இருந்த 'மொத்தம் எத்தனை' இங்கே எங்கும் பதிவாவதில்லை. மிச்சத்தைத் தேடி எடுத்துக் காட்டுவது தளத்தின் வேலை. தளம் காட்டினால் உண்டு. நடுவில் ஒன்றை அழித்தால் சில இடங்களில் 'இந்தப் பதிவு நீக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் நிற்கும். சில இடங்களில் இழை அங்கேயே அறுந்து, பின்பாதி அனாதையாகிவிடும். இது தெரிந்தால், 'தொடர்ச்சியைக் கீழே பாருங்கள்' என்பதை நம்பி எதையும் பாதியில் விட மாட்டோம்.

நம் அணியிலக்கணக்காரர்கள் இதைப் பற்றி வெகு காலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். தண்டியலங்காரம் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம் தனி ஒரு பாட்டாக நின்று பொருள் முடிவது. குளகம் அப்படியில்லை. பல பாட்டுகள் வரிசையாக வரும், ஆனால் எல்லாவற்றுக்கும் வினை ஒன்றுதான். அது வந்து சேரும் வரை முன்னால் உள்ள பாட்டுகள் எல்லாம் பொருள் முடியாமல் காத்திருக்கும். தொடர்நிலை என்பது பொருளாலோ சொல்லாலோ தொடர்ந்து போவது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதி, சொல்லால் தொடர்வதற்கு எடுத்துக்காட்டு. த்ரெட் எழுதுகிறவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. த்ரெட் தொடர்நிலையாக இருக்கட்டும், அதன் ஒவ்வொரு பதிவும் முத்தகமாக இருக்கட்டும். குளகமாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

தமிழில் இந்த ஆபத்து கூடுதல் என்பதுதான் என் கவலை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு கடைசியிலேயே வருகிறது. ஒரு கருத்தை விரிவாக எடுத்துச் சொல்லி, 'என்பது தவறு' என்று முடிப்பது நம் இயல்பான நடை. பேச்சில் அது அழகு. குரலை வைத்தே கேட்பவர் முன்கூட்டிப் புரிந்துகொள்வார். த்ரெட்டில் அந்த வாக்கியத்தின் நடுவே வெட்டு விழுந்தால், மறுக்க வந்த கருத்தை நாமே பரப்பிவிட்டவர்கள் ஆகிறோம்.

மருத்துவரான ஒரு தோழி பாம்புக்கடி முதலுதவி பற்றி ஒரு த்ரெட் எழுதி, போடுவதற்கு முன் எனக்கு அனுப்பினார். விஷயம் எல்லாம் சரி. எளிமையான தமிழ். மூன்றாவது பதிவு இப்படி இருந்தது: "பாம்பு கடித்தவுடன் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும், வாயால் விஷத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றெல்லாம்". நான்காவது: "பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யக் கூடாது."

போனில் கூப்பிட்டேன். "டாக்டர், மூணாவதை மட்டும் தனியா எடுத்து ஒரு தடவை வாசிங்களேன்" என்றேன்.

வாசித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இதை மட்டும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, நானே கட்டச் சொன்ன மாதிரி ஆயிடும் இல்ல?" என்றார்.

"ஆமா. அதுல உங்க பேரும் படமும் இருக்கும். பேருக்கு முன்னால டாக்டர்னு வேற இருக்கும்."

அரை மணி நேரத்தில் மாற்றி அனுப்பினார்: "பாம்பு கடித்தால் செய்யக் கூடாதவை மூன்று: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது. மூன்றும் கெடுதல்தான். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள்." 280-க்குள் தாராளமாக அடங்கிவிட்டது. 'செய்யக் கூடாதவை' என்பது முதல் வரிக்கே வந்துவிட்டதால், பாதி மறைந்துபோன படமாகக் கிடைத்தாலும் தவறான பாடம் போகாது. செய்ய வேண்டியதும் அதே பதிவில் இருக்கிறது. முன்பு இரண்டு பதிவில் சொன்னதைவிட ஒன்றிலேயே அதிகமாகச் சொல்லிவிட்டார். பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த கதை போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அதற்கு இன்னொரு பதிவு எழுதிக்கொள்ளலாம், அந்தக் கதை தனியே போனால் யாருக்கும் ஆபத்தில்லை.

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். எழுதி முடித்ததும் த்ரெட்டை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்ப்பது போதாது. அப்படிப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் முந்தியது நம் மனதில் இருக்கிறது. பதிவுகளைக் கலைத்துப் போட்டுப் படியுங்கள். ஆறாவதை முதலில், பிறகு இரண்டாவது, பிறகு எட்டாவது. எது தனியாக நிற்கும்போது வேறொன்றைச் சொல்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். 'அவர்', 'இது', 'அந்தத் திட்டம்', 'மேலே சொன்னபடி' எல்லாம் அப்போதுதான் கண்ணில் உறுத்தும். 'அவர்' என்ற இடத்தில் பெயரை எழுதினால் நான்கைந்து எழுத்து கூடும், அவ்வளவுதான். நிபந்தனையும் அப்படியே. 'இந்த மாத்திரையை நிறுத்தலாம்' ஒரு பதிவிலும் 'டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள்' அடுத்த பதிவிலும் இருந்தால், முதல் பதிவு அரைகுறை அறிவுரை. ஆதாரமும் அப்படியே. கடைசிப் பதிவில் எல்லா லிங்கையும் குவித்து வைப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஐந்தாவது பதிவில் உள்ள புள்ளிவிவரம் வெளியே போகும்போது லிங்க் கூடப் போகாது. எக்ஸிலும் மஸ்டோடனிலும் எவ்வளவு நீள லிங்க் ஆனாலும் 23 என்றே கணக்காகிறது. அந்தந்த இடத்திலேயே வைக்க இடம் இருக்கிறது.

திருத்தம் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரத்தம் தேவை என்ற பதிவுகளைக் கவனியுங்கள். 'ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவை' என்று போடுகிறார்கள். கிடைத்ததும் அதன் கீழே 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று இரண்டாவது பதிவு. போட்டவர் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். முதல் பதிவோ பகிரப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அது தனக்குப் பின்னால் வந்ததைச் சுமப்பதில்லை. மாதக்கணக்கில் கழித்தும் யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறார். நோயாளி வீடு திரும்பியிருக்கலாம். இறந்தும் போயிருக்கலாம். அந்த வீட்டில் அப்போது போன் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பதிவுகளில் தேவை முடிந்ததும் முதல் பதிவையே அழித்துவிட வேண்டும், அல்லது திருத்த வசதி உள்ள இடத்தில் அதன் முதல் வரியையே மாற்ற வேண்டும். கீழே சேர்ப்பது போதாது. தவறான தகவல் எழுதிவிட்டாலும் இதே வழிதான்: தவறு இருக்கும் பதிவை அழித்துவிட்டு, சரியானதைப் புதிதாகப் போட்டு, ஏன் அழித்தோம் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். இழை நடுவில் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

காலத்தைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். 'இன்று', 'நாளை மாலைக்குள்', 'இந்த வாரம்' என்று எழுதிய பதிவு மூன்று வருடம் கழித்து ஒருவர் கைக்கு வரும்போது அவருக்கு அது இன்றுதான். வெள்ள நேரத்தில் தங்குமிடம் பற்றிய பதிவு, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பற்றிய பதிவு, இவற்றிலெல்லாம் தேதியை ஆண்டோடு எண்ணில் எழுதிவிடுவது எழுதுகிறவருக்குச் சிரமமே இல்லாத உதவி.

முதல் பதிவைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். தூண்டில் போட வேண்டும், ஆர்வத்தைக் கிளற வேண்டும், விடையைக் கடைசி வரை ஒளித்து வைக்க வேண்டும் என்று. எனக்கு உடன்பாடில்லை. அதிகம் பேர் பார்ப்பது முதல் பதிவைத்தான். அடுத்தடுத்த பதிவுக்குப் போகப் போக வாசகர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதை எழுதுகிற எவரும் தங்கள் எண்களிலேயே பார்க்கலாம். அப்படியிருக்க, முக்கியமான விஷயத்தை ஒன்பதாவது பதிவில் ஒளித்து வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது போய்ச் சேரவே சேராது. முதல் பதிவிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்பதைக் கீழே விரியுங்கள். ஆர்வம் உள்ளவர் இறங்கி வருவார், மற்றவர் வெறுங்கையோடு போக மாட்டார். 'இதைப் படித்தால் அதிர்ந்து போவீர்கள்' என்று தொடங்கி, ஒரே பதிவில் சொல்லக்கூடியதைப் பதினைந்தாக இழுப்பவர்கள் வாசகரின் நேரத்தை மதிப்பதில்லை. அதனால் கெட்ட பெயர் வாங்குவது நல்ல த்ரெட்டுகளும்தான்.

எண் போடுவதில் நான் பழைய ஆள். இணைப்பைத் தளமே காட்டும்போது எண் எதற்கு என்று கேட்பார்கள். தனியே கழன்று போன பதிவில் '4/9' என்று இருந்தால், இதற்கு முன் மூன்றும் பின் ஐந்தும் உண்டு என்று பார்ப்பவருக்கு அது சொல்லும். குறுஞ்செய்தி இயந்திரத்துக்குச் சொன்னதை இது மனிதருக்குச் சொல்கிறது. அதற்கு மொத்த எண்ணிக்கை முன்பே தெரிய வேண்டும். ஆகவே முழுவதையும் வேறெங்காவது எழுதி, பிரித்து, எண்ணிட்ட பிறகே வெளியிட வேண்டும். இந்தக் கட்டாயமே எனக்குப் பிடித்திருக்கிறது, யோசிக்க நேரம் கொடுக்கிறது. மஸ்டோடனில் எழுதுபவர்கள் முதல் பதிவை மட்டும் பொதுவில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பொது டைம்லைனில் வராதபடி வைப்பது நல்ல பழக்கம். அடுத்தவர்களின் திரையை நம் பன்னிரண்டு பதிவுகளால் நிரப்பாமல் இருக்கலாம். எழுத்தைப் படமாக்கிப் போட்டால் வெட்டுப் பிரச்சினையே வராதே என்பார்கள். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு, விவரணை எழுதாத படம் வெறும் படம்தான். தேடலிலும் வராது. எனக்கு அதில் சம்மதமில்லை.

எல்லாவற்றையும் த்ரெட்டாக எழுத முடியும் என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்கள் குளகமாக மட்டுமே சொல்லத் தக்கவை. ஒருவர் மேல் குற்றம் சாட்டி, அவர் தரப்பையும் எடுத்து வைத்து, இரண்டையும் எடைபோட்டு முடிவுக்கு வரும் எழுத்து அப்படிப்பட்டது. குற்றச்சாட்டு உள்ள பதிவு பத்தாயிரம் பேரிடம் போகும், அவர் பதில் உள்ள பதிவு இருநூறு பேரிடம் போகும். எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் அந்த அநியாயத்தைத் தடுக்க முடியாது. மறைந்த ஒருவரைப் பற்றி அவருடைய குறைகளோடு சேர்த்து அன்பாக எழுதுவதும் அப்படித்தான், குறை மட்டும் தனியே போய்விடும். ஒரு கருத்தை முதலில் முழு பலத்தோடு எடுத்து வைத்து, பிறகு படிப்படியாக உடைக்கும் வாதமும் த்ரெட்டுக்கு ஆகாது. இவற்றை ஒரே இடத்தில் முழுதாக எழுதி லிங்க் கொடுப்பதுதான் முறை. நண்பர்கள் கேட்ட கேள்விக்கு இந்த இடத்தில் மட்டும் நானும் அவர்கள் பக்கம்.